விலாங்குக்கும் ஒரு வழி விடுங்கள்: நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீர்வளத் துறையின் பொறியாளர்களுக்கும், அணைக்கட்டு மதிப்பீடுகளில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும், தாமிரபரணிக் கரையிலிருந்து வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு தடுப்பணையிலும், மராமத்துக்கு எடுக்கும் ஒவ்வொரு பழைய அணைக்கட்டிலும், மீன் ஏறி இறங்க ஒரு வழி வைத்துக் கட்டுங்கள். வரைபடம் போடும்போதே அது இருக்கட்டும். கட்டி முடித்த சுவரை உடைத்து வழி வைப்பதைவிட அப்போதே வைப்பது எவ்வளவு மலிவு என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அணைக்கட்டே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் ஊரில் உண்ணும் சோறு அணைக்கட்டுத் தண்ணீரில் விளைந்த சோறு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றின் குறுக்கே கிடக்கின்றன. முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களை நம்பித்தான் இங்கே கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களும் நடக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளை ஊரே எண்ணிக்கொண்டிருந்த காலம் எங்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கிறது. அணைக்கட்டின் அருமை தெரிந்த ஊரிலிருந்துதான் இந்த மடல் வருகிறது.

பெரிய அணை என்றால் சுற்றுச்சூழல் அனுமதி, கருத்துக்கேட்பு, வழக்கு, பத்திரிகைச் செய்தி என்று எத்தனையோ கேள்விகள் எழுகின்றன. ஆளுயரம், இரண்டாள் உயரம் உள்ள தடுப்பணைக்கு அந்தக் கேள்விகள் எதுவும் இல்லை. ‘சின்னச் சுவர்தானே, வெள்ளம் வந்தால் மேலே ஏறிப் போய்விடும்’ என்று எல்லோருமே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஆற்றில் வாழும் உயிர்களைப் பொறுத்தவரை, சுவர்களின் உயரத்தைவிட அவற்றின் எண்ணிக்கைதான் பெரிய கேடு. 2020இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 36 நாடுகளின் ஆறுகளைக் கணக்கிட்டபோது குறைந்தது 12 லட்சம் தடுப்புகள் இருப்பதாக முடிவுக்கு வந்தார்கள். அவற்றில் 68 விழுக்காடு இரண்டு மீட்டருக்கும் குறைந்த உயரம் கொண்டவை. அந்தக் கண்டத்தின் ஆறுகளைத் துண்டு துண்டாக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை, யாரும் அணை என்றே கணக்கில் எடுக்காத குட்டைச் சுவர்கள்.

நம்மிடம் அப்படி ஒரு கணக்கு கிடையாது. பத்து ஆண்டுகளில் ஆயிரம் தடுப்பணைகளும் கதவணைகளும் கட்டுவோம் என்ற அறிவிப்பு 2021இல் வந்தது. ஆயிரம் என்பது சிறிய எண் இல்லை. அந்த ஆயிரத்துக்கும் ஒரே மாதிரி வரைபடம் போகும் என்பதால்தான், வரைபடத்தில் கைவைக்க இது சரியான நேரம் என்று நினைத்து எழுதுகிறேன்.

விலாங்கை எடுத்துக்கொள்வோம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நாம் பழமொழியில் வைத்திருக்கும் அதே விலாங்கு. அது பிறப்பது கடலில். குஞ்சாக இருக்கும்போது நீரோட்டத்தில் மிதந்து கரைக்கு வந்து, ஒளி ஊடுருவும் மெல்லிய உடலோடு முகத்துவாரத்தில் நுழைந்து, ஆற்றை எதிர்த்து மேலே ஏறுகிறது. பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் மீண்டும் கடலுக்கு இறங்கி, அங்கே ஒரே ஒரு முறை முட்டையிட்டு மடிந்துபோகிறது. மீன்பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விடலாம் என்ற மாற்று வழி நம் விலாங்குக்கு இல்லை. இந்த ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் நுழையும் குஞ்சு மேலே போய்ச் சேர்ந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஆற்று இறாலின் வழி வேறு, ஆனால் தேவை ஒன்றுதான். தாய் இறால் முட்டையைச் சுமந்துகொண்டு கழிமுகத்தை நோக்கி இறங்கும். குஞ்சுக்கு உவர்நீர் வேண்டும். வளர்ந்த குஞ்சுகள் கரையோரமாகக் கூட்டம் கூட்டமாக மேலே ஏறும். நீச்சலைவிட நடைதான் அதற்குப் பலம். ஈரமான கரடுமுரடான கல்லைப் பற்றிக்கொண்டு ஏறிவிடும். வழவழப்பான செங்குத்துக் கான்கிரீட்டில் அதற்குப் பிடிமானம் இல்லை.

இனி, கடலுக்கே போகாத மீன்கள். புதுத் தண்ணிக்கு மீன் ஏறுது என்று கரையோர ஊர்களில் சொல்வார்கள். முதல் வெள்ளத்தின் கலங்கல் இறங்கியதும் கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் ஆரலும் எதிர்நீச்சல் போட்டு ஓடைகளுக்கும் வயல் வாய்க்கால்களுக்கும் ஏறும். அங்கேதான் முட்டை, அங்கேதான் குஞ்சுக்குத் தீனி. இவற்றில் பெரும்பாலானவை விரல் நீளம், கை நீளம் உள்ள மீன்கள். தாண்டிக் குதிக்கத் தெரியாதவை. ஒரு சாண் உயரத்துக்குச் செங்குத்தாகத் தண்ணீர் விழுந்தாலே அயிரைக்கு அது முடிவுகட்டிய எல்லைதான்.

அணைக்கட்டுக்குக் கீழே மீன் பெருத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ‘அணைக்கட்டு வந்ததால் மீன் கூடியிருக்கிறது’ என்று சிலர் சொல்கிறார்கள். கடைசிப் பேருந்து போனது தெரியாமல் நிறுத்தத்தில் காத்திருக்கும் கூட்டம் அது. மேலே ஏற வந்து, வழி கிடைக்காமல், சினை வயிற்றோடு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் மீன்கள். நீர்க்காகமும் வலையும் தேடித் திரிய வேண்டிய வேலையே இல்லை. முட்டையிடும் முன்பே ஒரு தலைமுறை அங்கே முடிந்துபோகிறது.

உங்களில் பலர் சொல்லக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். வெள்ளம் வரும்போது கீழ்மட்டமும் உயர்ந்து அணைக்கட்டே மூழ்கிவிடும், அப்போது மீன் தாண்டிவிடும் என்பீர்கள். உண்மைதான், அப்படி மூழ்கும் நாட்கள் உண்டு. இந்த ஏழு அணைக்கட்டுகளோடு இத்தனை நூற்றாண்டுகள் மீன்கள் பிழைத்திருந்ததற்கு அந்த நாட்களும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். பழைய அணைக்கட்டுகளின் சாய்ந்த, கரடான கல் முகப்பும் உதவியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அன்றைய ஆறு வேறு. பாபநாசம் மேலணை, மணிமுத்தாறு, சேர்வலாறு என்று தலைப்பகுதியில் பெரிய அணைகள் வந்த பிறகு நடுத்தர வெள்ளங்கள் ஆற்றுக்கு வருவது குறைந்துவிட்டது. அவை நீர்த்தேக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அணைக்கட்டை மூழ்கடிக்க இப்போது பெருவெள்ளம் வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது வந்ததே, அப்படிப்பட்ட வெள்ளம். அந்த வேகத்தில் விரல் நீள மீன் மேலே ஏறாது, அடித்துக்கொண்டுதான் போகும். மீனுக்கு வேண்டியது பருவத்தின் தொடக்கத்தில் வரும் சிறு வெள்ளம். அந்த நாட்களில்தான் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருக்கின்றன.

இனி அணைக்கட்டுக்கு மேலே நடப்பது. ஓடும் ஆற்றில் ஒரே மாதிரியான இடம் என்பது கிடையாது. ஓர் இடத்தில் பாறையில் மோதிச் சலசலக்கும், அடுத்த இடத்தில் சல்லிக்கல் மேல் முழங்கால் ஆழத்தில் விரையும், அதற்கடுத்து ஆள் மூழ்கும் கசம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு உயிர்கள். சலசலப்பில்தான் தண்ணீர் காற்றைக் கலந்துகொள்கிறது. அங்கே கற்களின் அடியில் தட்டான் இனப் பூச்சிகளின் இளம்பருவமும் இன்னும் பல நீர்ப்பூச்சிகளும் இருக்கும். கல்லில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன் அங்கே இருக்கும். சுவர் எழுந்ததும் இந்த வேறுபாடு அத்தனையும் ஒரே தட்டையான தேக்கமாகிவிடுகிறது. தண்ணீர் நின்றதும் அது சுமந்து வந்த நுண்வண்டல் கீழே படிகிறது. சல்லிக்கல்லின் இடுக்குகள் அடைபடுகின்றன. அந்த இடுக்கில் முட்டை வைத்த மீனின் முட்டைக்கு மூச்சு கிடையாது.

வெயிலில் தேங்கிய நீர் சூடேறும். சூடான நீரில் உயிர்வளி குறையும். மேலே ஊர்களிலிருந்து வரும் சாக்கடை அதோடு சேர்ந்தால் அமலைச்செடி என்னும் ஆகாயத்தாமரை மொய்த்துக்கொள்ளும். திருநெல்வேலிப் பகுதியில் அமலைச்செடியை அகற்றும் பணி ஓய்ந்த பாடில்லை. அதை அள்ளுகிறோம், ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் தேக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தேங்கிய நீரை விரும்பும் வேறு சிலவும் உண்டு. ஜிலேபி கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எந்த நீரிலும் பிழைக்கும், நின்ற நீரில் செழிக்கும். ஓடுநீர் மீனின் இடத்தை நாம் சுவர் கட்டி இவற்றுக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.

இந்த ஆற்றில் இது பொதுவான கவலையைவிடப் பெரியது. தாமிரபரணிப் படுகையில் மட்டுமே வாழும் மீன்கள் இருக்கின்றன. 1950களில் மீனியல் அறிஞர் இ.ஜி. சைலாஸ் விவரித்த ஒரு கெண்டைக்கு இந்த ஆற்றின் பெயரே வைக்கப்பட்டது. இன்று அறிவியல் உலகம் அதை டாகின்சியா தாம்பிரபர்னியை என்று அழைக்கிறது. கரிய பட்டைகளும் நீண்ட முதுகுத்துடுப்பு இழைகளும் கொண்ட அழகான மீன். அழியும் ஆபத்தில் உள்ள இனம். களக்காட்டின் பெயரைத் தாங்கிய கல்லொட்டி மீன் ஒன்றும் உண்டு. இவை இங்கே இல்லையென்றால் உலகில் வேறெங்கும் இல்லை. சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் ஓர் ஆற்றை எட்டு இடத்தில் அறுத்து, துணையாறுகளிலும் தடுப்பணைகளைக் கட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு சிறு கூட்டம் மட்டும் மிஞ்சும். ஒரு கோடையில் ஒரு துண்டு வற்றினாலோ, ஒரு நாள் கழிவு கலந்து மீன்கள் செத்து மிதந்தாலோ, முன்பெல்லாம் அடுத்த மழைக்குக் கீழிருந்து புதுக் கூட்டம் ஏறி வந்து அந்த இடத்தை நிரப்பும். இப்போது அந்த இடம் வெறுமையாகவே இருந்துவிடும்.

பாபநாசம் படித்துறையில் மீனுக்குப் பொரி போடுவதைப் புண்ணியமாக நினைக்கும் மக்கள் நாங்கள். அந்த மீனுக்கு மேலும் கீழும் போக வழி செய்வதும் அதே புண்ணியத்தில் சேரும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

சுவருக்குக் கீழே நடப்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மணலை மேலே இறக்கிவைத்துவிட்டு வரும் தண்ணீர், கீழே போய்ப் படுகையைத் தோண்டும். கான்கிரீட் தளத்தின் நுனி தொங்கும், கரை சரியும். தென்பெண்ணையில் தளவானூர்த் தடுப்பணை 25 கோடி ரூபாயில் 2020இல் கட்டி முடிந்தது. 2021 ஜனவரியிலேயே அதன் கரை உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபடி சேதமாகி, கடைசியில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. மணலும் நீரும் சேர்ந்து போக இடம் விடாத சுவரைச் சுற்றிக்கொண்டு போக ஆறு எப்போதும் வழி தேடும். மீனுக்காக விடும் வழி கட்டுமானத்துக்கும் நல்லதுதான்.

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. கொள்ளிடத்தில் மேலணையையும் கீழணையையும் 1836இல் எழுப்பிய ஆர்தர் காட்டனே பிற்காலத்தில், ஆறுகளின் குறுக்கே எழும் அணைக்கட்டுகள் மீன்வளத்துக்குக் கேடு செய்யக்கூடும் என்ற கவலையை அரசின் முன் வைத்தார். அதைத் தொடர்ந்து ஆய்வு செய்தவர் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே. நன்னீர் மீன்களைப் பற்றி 1873இல் அவர் அளித்த அறிக்கையில், அணைக்கட்டு மீனின் வழியை மறிப்பதும், கீழே தேங்கும் மீன் அள்ளப்படுவதும், மீன்வழியின் தேவையும் பேசப்பட்டுவிட்டன. அப்போது முக்கியமாகக் கவலைப்பட்டது உல்லம் மீனைப் பற்றி. கடலிலிருந்து கொள்ளிடத்திலும் காவிரியிலும் ஏறி முட்டையிட்ட மீன் அது. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதே மீன். கீழணை அதன் வழியை மறித்தது. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு வெள்ளத்தின் அளவும் காலமும் மாறி, காவிரியில் உல்லம் மீன்பிடிப்பு அநேகமாக அற்றே போயிற்று. காவிரிக் கரையில் உல்லம் சமைக்கத் தெரிந்த வீடுகள் இன்று எத்தனை இருக்கும்? நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே அரசின் கையில் இருந்த எச்சரிக்கை அது. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

மீன்வழி என்றதும் ஐரோப்பாவின் சால்மன் மீன் படிப்படியாகத் தாவி ஏறும் படம்தான் பலருக்கும் மனதில் வரும். அந்த ஏணியை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் தொடக்கத்தில் அதைத்தான் செய்தார்கள். சால்மனுக்கு வகுத்த ஏணிகளை அங்கே கட்டினார்கள், உள்ளூர் மீன்களில் பெரும்பாலானவை அவற்றில் ஏறவில்லை. பிறகு தங்கள் மீன்கள் எவ்வளவு வேகத்தை எதிர்த்து நீந்தும், எவ்வளவு உயரம் தாண்டும் என்று அளந்து பார்த்து, சரிவைக் குறைத்து, சுவரில் நெட்டாகப் பிளவு வைத்த தொட்டித் தொடராக மாற்றினார்கள். அதன் பின்னர்தான் மர்ரே ஆற்றில் கடல் முகத்திலிருந்து ஹியூம் அணை வரை 2,225 கிலோமீட்டருக்கு, வழியிலுள்ள குட்டை அணைகளில் மீன்வழி அமைக்கும் பெருந்திட்டம் நடந்தது. நமக்கும் நம் அயிரையையும் கெண்டையையும் விலாங்கையும் வைத்து அளக்க வேண்டும். அதற்கு ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் விலங்கியல் துறைகள் இருக்கின்றன.

குட்டை அணைக்கு எளிய வழி கற்சரிவு. சுவரின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, அதிலிருந்து கீழே படுகை வரை பெரிய கற்களைப் பதித்து மெல்லச் சரியும் ஒரு தளம். இருபதுக்கு ஒன்று என்ற சரிவு வைத்தால், இரண்டு மீட்டர் உயரச் சுவருக்கு நாற்பது மீட்டர் நீளம் போதும். கல்லுக்குக் கல் இடையில் நீர் சுழன்று இளைப்பாறும் இடங்கள் அமையும். மீன் அங்கே நின்று நின்று ஏறும். இறாலுக்கும் அதில் பிடிமானம் கிடைக்கும். கரையில் நிலம் இருந்தால் சுவரைச் சுற்றி ஓர் ஓடைபோல் வாய்க்கால் வெட்டலாம். விலாங்குக் குஞ்சுக்கு இன்னும் குறைவாகவே போதும். ஈரமான, சொரசொரப்பான சாய்தளம் ஒன்றும் அதில் கசியும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் ஏறிவிடும். நியூசிலாந்தில் மட்டி வளர்க்கப் பயன்படும் நார்க்கயிறுகளைத் தடுப்புச் சுவரிலிருந்து தொங்கவிட்டு, சிறு மீன்களையும் விலாங்கையும் ஏற வைக்கிறார்கள். தென்னங்கயிறு விளையும் நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை.

மீன்வழி வைத்தால் தண்ணீர் வீணாகும் என்ற அச்சம் விவசாயிகளிடம் வரும். அது நியாயமான அச்சம், அதைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. கடைமடைக்காரனுக்கு ஒரு நாள் தண்ணீர் என்பது ஒரு போகம். ஆனால் இந்த ஆற்றில் ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கீழே விட்டே ஆக வேண்டிய தண்ணீர் ஒன்று இருக்கிறது. கீழ் அணைக்கட்டின் பங்கு, குடிநீர்த் திட்டங்களின் பங்கு. அதை இப்போது ஷட்டர் வழியாகவோ சுவர் மேலாகவோ விடுகிறீர்கள். அந்தத் தண்ணீரை மீன்வழியாகவே விடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். கூடுதலாக ஒரு சொட்டுக்கூடக் கேட்கவில்லை. கடும் வறட்சியில் மூடிக்கொள்ள மீன்வழியின் வாயில் ஒரு சிறு பலகை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முழுவதும் அது திறந்திருக்கட்டும்.

ஷட்டரைப் பற்றியும் ஒன்று. வெள்ளத்தின் முதல் நாட்களில் மணலை வெளியேற்றும் மதகான மணற்போக்கியை முழுதாகத் திறந்துவைத்தால் தேங்கிய வண்டலும் மணலும் கீழே போகும், மேலே தேக்கமும் தூராது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் காலங்காலமாகச் சேர்ந்ததைத் தூர்வாரும் விவகாரம் 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதை எல்லோரும் அறிவோம். தூர்வாருகிறோம் என்ற பெயரில் மணல் போகிறதே என்று மக்கள் தெருவுக்கு வந்த விவகாரம் அது. ஆறு தானே சுமந்து போயிருக்க வேண்டிய மணல். எந்த நாளில் எத்தனை அடி ஷட்டரைத் தூக்க வேண்டும் என்று மீன் ஏறும் பருவத்தையும் சேர்த்து ஓர் எழுத்து விதியாக ஷட்டரை இயக்கும் ஊழியரான லஸ்கரின் கையில் கொடுங்கள். அவர் செய்வார். இப்போது அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லி ஒரு தாள் இல்லை.

நிலத்தடி நீருக்காக என்று எழுதி வரும் திட்டங்களை ஒரு முறை கூடுதலாகப் பாருங்கள். மணற்பாங்கான ஆற்றில் நிலத்தடி நீரை உயர்த்துவது மட்டுமே நோக்கம் என்றால், படுகைக்குக் கீழே பாறை மட்டம் வரை இறங்கும் தரைகீழ்த் தடுப்பணை அந்த வேலையைச் செய்யும். மேலே ஆறு எப்போதும் போல ஓடும், மீனுக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் மணலுக்குள் இருப்பதால் ஆவியாகும் இழப்பும் குறைவு. இதை நம் துறையே பல இடங்களில் கட்டியிருக்கிறது. மேலே எழும்பும் சுவரின் பின்னால் களிவண்டல் படிந்துவிட்டால் ஊற்றுக்கண் அடைபட்டு, சில ஆண்டுகளில் நீர் இறங்குவதே குறைந்துவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அப்படியிருந்தும் மேலே தெரியும் சுவருக்கே விருப்பம் அதிகம், ஏனென்றால் திறப்பு விழாவுக்கு அதுதான் கண்ணில் படுகிறது. தரைக்கடியில் இருப்பதற்கும் மாலை போடலாம்.

சுவரை ஒட்டிய மனித உயிர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில் தடுப்பணை அருகே குளித்த ஏழு பெண்களும் சிறுமியரும் மூழ்கி இறந்தார்கள். பொதுவாகவே, தண்ணீர் விழும் சுவரின் அடியில் மேற்பரப்பு நீர் சுவரை நோக்கியே திரும்பி ஓடும். உள்ளே போனவரை அது வெளியே விடாது. செங்குத்தாக விழாமல் சரிவில் இறங்கும் நீரில் இந்தச் சுழற்சி உருவாவது குறைவு. மீனுக்காகக் கேட்கும் கற்சரிவு இங்கே பிள்ளைகளுக்கும் உதவும்.

இன்னொரு வகைச் சுவர்கள் இருக்கின்றன. கால்வாய் தூர்ந்து, ஆயக்கட்டு வீட்டுமனையாகி, மண் நிரம்பி, யாருக்கும் ஒரு குடம் தண்ணீரும் தராமல் ஓடையின் குறுக்கே கிடப்பவை. அவற்றைக் கணக்கெடுங்கள், பயன் இல்லாதவற்றை எடுத்துவிடுங்கள். அணையை எடுப்பது தோல்வியாகாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றில் 1837 முதல் இருந்த எட்வர்ட்ஸ் அணை, 24 அடி உயரம், 1999இல் அகற்றப்பட்டது. அதன் பின்பு அதற்கு மேலே துணையாற்றில் இருந்த இன்னொன்றும் போனது. நூற்றறுபது ஆண்டுகள் வழி அடைபட்டிருந்த ஹெர்ரிங் இன மீன்கள், நம் உல்லத்துக்கு உறவான மீன்கள், பல லட்சக்கணக்கில் மேலே ஏறத் தொடங்கின. மீன் வழியை மறப்பதில்லை என்று நினைக்கும்போது எனக்கு உல்லத்தின் மேலும் நம்பிக்கை வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2030க்குள் 25,000 கிலோமீட்டர் ஆற்றைத் தடையின்றி ஓடவிட வேண்டும் என்று 2024இல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. அவர்கள் உடைத்துக்கொண்டிருக்கும் வடிவத்தையே நாம் இப்போது புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்குங்கள் என்பேன். கடலிலிருந்து ஏறி வரும் விலாங்கும் இறாலும் சந்திக்கும் முதல் பெரிய அணைக்கட்டு அது. அதற்கும் கீழே, உப்புநீர் ஏறாமல் இருக்கக் கட்டும் சுவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தை மூடிவிட்டு மேலே எட்டு இடத்தில் ஏணி வைத்துப் பயன் இல்லை. ஒரு மீன்வழியைக் கட்டி, அதன் மேல்முனையில் ஒரு பொறிவலை வைத்து இரண்டு மழைக்காலம் கணக்கெடுங்கள். எது ஏறுகிறது, எது ஏறவில்லை, எந்த மாதத்தில், எந்த நீர்மட்டத்தில் என்று தெரிந்துகொண்டு மருதூரில் திருத்திக் கட்டுங்கள். அங்கே கற்றதைச் சுத்தமல்லியில் சேருங்கள். அவசரமாக எட்டையும் ஒரே ஆண்டில் முடிக்கச் சொல்லவில்லை.

இதற்கு உங்கள் துறை மட்டும் போதாது. மீன்வளத் துறை நீர்த்தேக்கத்தில் குஞ்சு விடுவதோடு நின்றுவிடாமல் இந்த மேசைக்கு வர வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிற்றோடைகளில் தடுப்பணை கட்டும் வனத் துறையும் வர வேண்டும். கல்லொட்டி மீன்களின் வீடு அந்த ஓடைகள்தான். ஆற்றில் மீன் பிடிக்கிறவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். எந்தக் கசத்தில் எந்த மீன் இருந்தது, எந்த ஆண்டோடு நின்றது என்பது அவர்களிடம் இருக்கிறது, எந்தக் கோப்பிலும் இல்லை. கணக்கெடுப்புக்கு இரவில் விளக்கோடு நிற்க ஆள் வேண்டும் என்றால் கரையோர ஊர்களிலிருந்து நாங்கள் வருகிறோம்.

2023 வெள்ளத்துக்குப் பின் இந்த ஆற்றில் மராமத்து வேலைகள் வந்துகொண்டிருக்கின்றன. அடுத்ததாக எந்த அணைக்கட்டுக்கு மதிப்பீடு தயாரானாலும், அதில் மீன்வழி என்று ஒரு செலவினம் சேர்த்து, அதற்கான தொகையையும் எழுதி, மேலே அனுப்புங்கள். மேலே அதை அடித்துவிட்டால் எந்தக் காரணத்துக்காக அடித்தார்கள் என்பதைப் பொதுவில் வையுங்கள். அதற்குப் பதில் சொல்லும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த ஒருவன்